துணியில் தைத்த தெரு

சின்னக்கா தன் ஐம்பத்து மூன்றாவது வயதில் பூத்தையல் பழகப் போனதற்குக் காரணம் ஒரு சட்டை.

அன்றைக்கு மகளுடைய மாமனாரும் மாமியாரும் புது வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். அவள் கணவர் டிரைவர், பார்வை போனவர், உள்ளறையில் தானே சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்து, “வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடலாம்” என்று வாய் நிறைய வரவேற்றார். சட்டை உள்பக்கம் வெளியே தெரிய இருந்தது. ஓரத் தையலெல்லாம் பிசிர் பிசிராகத் துருத்திக்கொண்டு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. சம்பந்தி சட்டென்று பேச்சை மழைக்கு மாற்றினார். டிரைவர் கைக்குட்டையை வைப்பதற்காக நெஞ்சில் பையைத் தேடினார். பை இல்லை. இன்னொரு முறை தேடினார். கை அப்படியே நின்றது. பிறகு எழுந்து, “தல வலிக்குது” என்று முனகிவிட்டு உள்ளே போனவர்தான். அவர்கள் கிளம்பும்போதும் வரவில்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும் வரவில்லை. மாடிப்படிக்குப் பக்கத்திலும் போகவில்லை.

ஐந்து பெண்களில் இரண்டாவதாகப் பிறந்தவள் சின்னக்கா. தங்கைகள் மூன்று பேரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் வாழ்க்கைப்பட்டுப் போன இடத்திலும் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. பால்காரருக்கும் சின்னக்கா, டெப்போ மேலாளருக்கும் சின்னக்கா. டிரைவர் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அவள் ‘இவளே’தான்.

டிரைவர் இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டினவர். கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் போகிற சைக்கிள் தெரியவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொன்னபோதே பாதிக்குமேல் போயிருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டெப்போ வாசலில் உட்கார வைத்தார்கள். பிறகு அங்கேயும் வேலை இல்லை என்றார்கள். டெப்போ குடியிருப்பைக் காலி செய்தபோது, மகள்தான் தன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இந்த மாடி வீட்டைப் பார்த்துக் கொடுத்தாள். இப்போது டிரைவருக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்ற அளவுக்குத்தான் தெரியும். பழைய வீட்டில் கண்ணே தேவையில்லை, கால் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே கதவெல்லாம் எதிர்ப்பக்கம் திறந்தது. குளியலறைக்கு ஒரு படி கீழே இறங்க வேண்டியிருந்தது. முதல் மாதம் அவர் நெற்றி வீங்காத வாரம் கிடையாது.

வீட்டுக்கு நேர் கீழே ஒரு தையல் கடை. நடத்துகிறவள் நாற்பது வயதுக்காரி. எந்நேரமும் உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை கையால் எம்பிராய்டரி போடக் கற்றுக் கொடுப்பாள். சின்னக்கா தயங்கித் தயங்கி இறங்கிப் போய், கையால் தொட்டாலே எந்தச் சட்டை, எது உள்பக்கம் என்று தெரிகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாள். ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்தால் ஐந்து நிமிஷ வேலை என்றாள் தையல்காரம்மா. கழுத்தில் குத்தும் என்றாள் சின்னக்கா. பிறகு குனிந்துகொண்டே, மற்றவர்கள் கண்ணில் படவும் கூடாது என்றாள்.

தையல்காரம்மா குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். ஒரு வெட்டுத்துணியை இழுத்து, ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றிக் குத்தி இழுத்தாள்.

“கண்ண மூடிட்டுத் தொட்டுப் பாருங்க.”

விரல் நுனியில் ஒரு கடுகு நின்றது. துணியோடு ஒட்டிக்கொண்ட கடுகு.

“இதுக்குப் பேரு பிரெஞ்ச் நாட். பூவுக்கு நடுவுல மகரந்தம் மாதிரி போடுறது. நீங்க கழுத்துல போட்டுக்கங்க, யாரு வேணாங்கறா.”

பார்த்ததற்கும் போட்டதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆறு இழை நூலைப் பிரித்து இரண்டு இழையாக்க வேண்டும். முழங்கை நீளத்துக்கு மேல் எடுத்தால் சிக்கிக்கொள்ளும். ஊசி மேலே வந்த ஓட்டையிலேயே திரும்ப இறங்கினால் முடிச்சு நழுவி அடிப்பக்கம் போய்விடும், ஒரு நூலிழை தள்ளி இறங்க வேண்டும். இறங்கும்போது இடது கைக் கட்டைவிரல் நூலை விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும். சின்னக்காவின் விரல்கள் பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத் தடித்தவை. மூன்று நாள் அவள் போட்ட முடிச்சில் ஒன்றுகூட மேலே தங்கவில்லை. பக்கத்தில் கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் தலையணை உறையில் இரண்டு குருவிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். குருவிக்கு மூக்கு முளைத்து, வால் முளைத்து, அது பறக்கிற நிலைக்கு வந்துவிட்டது. சின்னக்காவுக்கு ஒரு கடுகு வரவில்லை. நாலாவது நாள் வந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முப்பது முடிச்சுப் போட்டாள்.

சட்டைகளின் பின்கழுத்தில் உள்பக்கமாகப் போட்டாள். நீலத்துக்கு இரண்டு, வெள்ளைக்கு மூன்று, சாம்பலுக்கு ஒன்று. எல்லாச் சட்டையும் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அதற்குள் அவர் கையில் ஒன்று சிக்கிவிட்டது.

“என்ன இது, கழுத்துல பரு மாதிரி?”

அவள் சொன்னாள்.

“நான் என்ன சலவைக்குப் போற துணியா, குறி போட்டு அனுப்புறதுக்கு?”

சட்டையைக் கட்டில்மேல் எறிந்தவர் நாள் முழுக்கப் பனியனோடு கிடந்தார். சாப்பிடவும் வரவில்லை. சின்னக்காவுக்குக் கோபம் வந்தால் பசி கூடும். அவருக்கு வைத்த முட்டையையும் சேர்த்துத் தானே சாப்பிட்டுவிட்டு, பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போடவைத்துக் கழுவினாள்.

மறுநாள் காலையில் டிரைவர் சட்டையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை நேராக இருந்தது. டீ டம்ளரை வாங்கும்போது கேட்டார்.

“இதுல ஒண்ணுதான் இருக்கு. சாம்பல் கலரா?”

“ஆமா.”

“ம்.”

அந்த ‘ம்’ போதுமாக இருந்தது அவளுக்கு. அதன்பின் அந்த வீட்டில் துணி என்று இருந்த எதுவும் அவள் ஊசிக்குத் தப்பவில்லை. காலையில் விடுகிற கண் மருந்தும் சாயங்காலம் விடுகிறதும் ஒரே அளவுப் புட்டி. இரண்டுக்கும் இரண்டு சின்னப் பை தைத்து, ஒன்றின்மேல் சங்கிலித் தையல், இன்னொன்றின்மேல் முடிச்சு. குளிக்கிற துண்டுக்கு ஓரத்தில் ஒரு வரி, முகம் துடைக்கிற துண்டுக்கு இரண்டு வரி. டிரைவர் எதையும் பாராட்டவில்லை. ஆனால் கேட்காமலே சரியான துண்டை எடுத்தார்.

அடுத்தபடியாக, கற்றுக்கொண்ட தையலை எல்லாம் ஒரே துணியில் வரிசையாகப் போட்டுக் காட்டச் சொன்னாள் தையல்காரம்மா. சின்னக்கா பழைய படுக்கை விரிப்பில் ஒரு முழத்தைக் கிழித்துப் போட்டு முடித்து, நாற்காலிக் கைமேல் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது டிரைவர் அந்தத் துணியை மடியில் விரித்து, தலையைச் சாய்த்து, ஆள்காட்டி விரலை அதன்மேல் ஓட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினில் ஏதாவது சத்தம் மாறிக் கேட்டால் அவர் தலை அப்படித்தான் சாயும்.

“இது என்ன தையல்?”

“ரன்னிங் ஸ்டிச். விட்டு விட்டுப் போகும்.”

“நடு ரோட்டு வெள்ளக் கோடு” என்றார். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. “இது?”

“செயின் ஸ்டிச்.”

“மழைல டிராக்டர் போன தடம். இது மலைப்பாதை, சாஞ்சு சாஞ்சு ஏறுது.” அது காம்புத் தையல். பூவின் காம்புக்குப் போடுவது. முடிச்சு வரிசைக்கு வந்ததும் விரல் தடுக்கித் தடுக்கிப் போனது. “இந்த ரோட்டப் போட்ட காண்ட்ராக்டர வேலைய விட்டுத் தூக்கணும்.”

சின்னக்கா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். கொஞ்சம் கழித்து, விரலை எடுக்காமலே, கீழே தெரு எப்படி இருக்கும் என்று கேட்டார்.

நாலு மாதமாகக் குடியிருக்கிற தெரு. அவள் வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். இடப்பக்கம் திரும்பினால் பேக்கரி, அந்த மூலையில் வலப்பக்கம் ஒரு திருப்பம், அப்புறம் மரம் அறுக்கிற மில்லின் சுவர், அப்புறம் ஒரு விளக்குக் கம்பம். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வாயால சொன்னா மனசுல நிக்க மாட்டேங்குது, இவளே.”

அவள் அவர் மடியில் கிடந்த துணியைப் பார்த்தாள்.

எங்கே போக வேண்டும் என்று கேட்டபோது, பஸ் நிறுத்தம் என்றார். மாடி ஜன்னலில் உட்கார்ந்தால் பஸ்கள் வந்து நின்று கிளம்புகிற சத்தம் கேட்கும். அங்கே ஒரு பெஞ்சு இருக்கிறது என்று மகள் சொல்லியிருந்தாளாம்.

சின்னக்கா தினமும் காலையில் ஒரு நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினாள். வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடப்பாள். யாராவது குறுக்கே வந்து நலம் விசாரித்தால் எண்ணிக்கை போய்விடும், திரும்பப் படியிலிருந்து தொடங்க வேண்டும். பேக்கரிக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாவது நாள் கேட்டார், “தெருவ வெலைக்கு வாங்கப் போறீங்களா?” அவள் அடியும் அவர் அடியும் ஒன்றில்லை என்பது பிறகுதான் உறைத்தது. கூடத்தில் அவரை நடக்கவிட்டுப் பார்த்தாள். அவருக்குப் பத்து அடி, அவளுக்குப் பதின்மூன்று. எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு மாற்றி எழுதினாள்.

தையல்காரம்மா தடித்த பருத்தித் துணியில் அரை முழம் வெட்டிக் கொடுத்தாள். “மத்தவங்கல்லாம் பூவும் மயிலும் போடுறாங்க. நீங்கதான் சாக்கடை போடுறீங்க” என்று அலுத்துக்கொண்டாலும், யோசனையெல்லாம் அவளுடையதுதான். பத்து அடிக்கு ஒரு விரல் அகலம். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு முடிச்சு. நடக்கிற பாதைக்குக் காம்புத் தையல். சாக்கடைக்குச் சங்கிலி. மரமில் சுவருக்கு, அடியில் நூலை அடுக்கி மேலே நெருக்கி நிரப்பினால் வரப்பு மாதிரி மேடாக நிற்கும். விளக்குக் கம்பத்துக்கு நாலு முடிச்சைக் கூட்டி ஒரு குவியல். சின்னக்கா அந்தச் சுவரை மூன்று தடவை பிரித்துப் பிரித்துப் போட்டாள். நூல் இறுகினால் துணி சுருங்கி, தெரு கோணலாகிவிடும்.

முடிந்ததும் அவர் மடியில் விரித்தாள். அவர் விரல் படியிறங்கியது, இடப்பக்கம் திரும்பியது, பேக்கரி மூலையில் நின்றது, சுவரோரமாகவே போய்க் கம்பத்தில் இடித்து, சாக்கடை மதகைத் தாண்டிப் பெஞ்சில் உட்கார்ந்தது. மறுபடி படிக்கு வந்தது. பதினொரு நாள் அதே வேலை. சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டே இருப்பார். நாளைக்குப் போகலாமா என்று அவள் கேட்டால், பார்க்கலாம் என்பார். ஞாயிற்றுக்கிழமை வந்த மகள், நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன்பா என்றதற்கு, முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். அவள் வாங்கி வந்திருந்த வெள்ளைக் கைத்தடி பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் கதவுக்குப் பின்னால் நின்றது.

பன்னிரண்டாவது நாள் மத்தியானம் வகுப்பில் பச்சை நூல் தீர்ந்துபோக, எடுத்து வரலாம் என்று சின்னக்கா மாடிக்கு ஏறினாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே அவரைக் காணோம். கைத்தடியின் பிளாஸ்டிக் உறை தரையில் கிழிந்து கிடந்தது. துணியும் இல்லை.

படியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. தையல்காரம்மா கடை வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே சின்னக்காவுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று.

“போனாரு. நான் பாத்தேன். நீங்க தெருவுக்கு முதுகு காட்டிக் குனிஞ்சிருந்தீங்க. கூப்பிடலாம்னு வாயெடுத்தேன். அவரு கடைப் பக்கம் திரும்பி, உதட்டுல விரல வச்சுக் காட்டிட்டுப் போயிட்டாரு. எனக்கு எப்படிங்க பேச்சு வரும்?”

அவளோடு சண்டை போட நேரமில்லை. வளையத்தில் மாட்டிய துணி கையில் ஆட, ஊசி நூலில் தொங்க, சின்னக்கா ஓடினாள். பேக்கரிக்காரர், அண்ணன் இப்படித்தான் போனார், மூலையில் சரியாகத் திரும்பினார் என்றார். சுவரோரத்தில் ஆள் நடமாட்டமில்லை. கம்பம், மதகு, பெஞ்சு. பெஞ்சில் கூடையோடு ஒரு பெண்மணி மட்டும். இல்லை, அப்படி யாரும் வரவில்லையே என்றாள். சின்னக்கா வந்த வழியே திரும்பினாள். பஸ் ரோட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பாதிச் சுவரில்தான் அது காதில் பட்டது. சத்தம் இல்லை. மத்தியானமானால் தெருவையே கிழிக்கிற ரம்பச் சத்தம், இப்போது இல்லை. சுவர் இருந்த இடத்தில் ஒரு வாய் திறந்திருந்தது. மில்லின் தகரக் கதவு உள்பக்கமாக விரியத் திறந்து கிடந்தது. காலையில் அவள் அளந்தபோதெல்லாம் மூடியிருந்த கதவு. சுவரோடு சுவராக, அதே காரைநிறம் பூசியது. அதை அவள் கதவென்றே நினைத்ததில்லை. துணியில் சுவரை ஒரே மூச்சாக நிரப்பியிருந்தாள்.

உள்ளே டிரைவர் ஒரு மரத்துண்டின்மேல் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் மரத்தூள். கணுக்காலில் ஒரு சிராய்ப்பு. தலையில் துண்டு கட்டிய மூன்று பேர் அவரைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அவர் கையில் டீ. ஒருவர் துணியைத் தடவிப் பார்த்து, “இதானா எங்க சுவரு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சின்னக்கா மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூத்த தொழிலாளிதான் சொன்னார். தடி சுவரைத் தட்டிக்கொண்டே வந்திருக்கிறது, கதவுக்கு வந்ததும் கதவைத் தட்டிக்கொண்டு அப்படியே உள்ளே வந்துவிட்டது. ரம்பத்துக்கு நாலடி இருக்கும்போது பார்த்து நிறுத்தினோம். “சின்னக்கா, சின்னக்கான்னு கத்திட்டு நின்னாரு. கூடப் பொறந்த அக்காவக் கூப்பிடுறாருன்னு நெனச்சோம்.”

டிரைவர் டீயை உறிஞ்சினார். காது மடல் சிவந்திருந்தது.

“எம் மேலதாங்க தப்பு” என்றாள் அவள். “காலை நேரத்துலதான் அளந்தேன். மூடியிருந்துச்சு. எனக்கு அது சுவராத்தான் தெரிஞ்சுது.”

“புது ரூட்டுன்னா அப்படித்தான். முதல் நாளே எல்லாக் குழியும் தெரிஞ்சிருமா?”

வாங்க, வீட்டுக்குப் போகலாம் என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

“இருபத்தொம்பது வருஷம் ஓட்டியிருக்கேன். ஒருநாள்கூடப் பாதி வழில வண்டிய நிறுத்தித் திரும்பினதில்ல. என்னை வாசலப் பாத்து நிக்க வையுங்க, தம்பி.”

நிற்க வைத்தார்கள். அவர் தடியால் கதவின் விளிம்பைத் தேடி, தாண்டி, மறுபக்கச் சுவரைப் பிடித்தார். சின்னக்கா இரண்டடி பின்னால் நடந்தாள். மதகின் பக்கம் வரும்போது வாய்வரை வந்த சொல்லை நாக்கைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். அவர் தடி மதகைக் கண்டுபிடித்தது. பெஞ்சையும் கண்டுபிடித்தது. உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். கூடைக்காரப் பெண்மணி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஒரு பஸ் வந்து நின்று கிளம்பியது. கிளட்ச் தேய்ந்துவிட்டது என்றார். அடுத்தது நல்ல வண்டி, ஓட்டுகிறவன்தான் அவசரக்காரன். மூன்றாவது பஸ் போன பிறகு, யாரும் பக்கத்தில் இல்லாதபோது சொன்னார்.

“உள்ள அந்தச் சத்தத்துல எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல. பயந்துட்டேன். வாயில வேற எதுவும் வரல.”

“பேரச் சொல்லிக் கூப்பிட்டா என்ன, தேஞ்சா போயிரும்?” என்றாள் அவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் சொன்னாள்.

“சரி, கெளம்பு” என்று எழுந்தார். திரும்புகிற வழிக்காகத் துணியைக் கையில் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு, அவளுக்கு முன்னால் நடந்தார். மில் கதவுக்கு வந்ததும் நின்று, காதைக் கொடுத்து, மறுபடி ஓடத் தொடங்கியிருந்த ரம்பத்தைக் கேட்டார். “தொறந்திருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தடியை முன்னால் நீட்டி இடைவெளியைக் கடந்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே சின்னக்கா சுவரின் நடுவில் அரை விரலகலம் பிரித்தாள். அங்கே என்ன தையல் போடுவது என்று தையல்காரம்மாவும் அவளும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் ஒரு சின்னத் துணித் துண்டின் நாலு ஓரத்தையும் பிசிராமல் மடித்துத் தைத்து, ஒரு பக்கத்தை மட்டும் சுவரோடு சேர்த்தாள். திறந்து மூடலாம். டிரைவர் அதைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

மறுநாள் காலையில் தானே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கூட வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சின்னக்கா ஜன்னலுக்குப் போகாமல் இருப்பதற்காக ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு குத்துக்கூடக் குத்தவில்லை. நூல் உள்ளங்கை வியர்வையில் நனைந்து திரித்திரியாகப் போயிற்று. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றியது. கீழே தடியின் சத்தம் கேட்டு, ஒவ்வொரு படியாக அது மேலே ஏறி வந்தபோதுதான் அவளுக்கு உயிர் வந்தது.

டிரைவர் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எழுதிக்க. பேக்கரி தாண்டி ஆறாவது அடில ஒரு பள்ளம் இருக்கு. நீ போடல.”

“பள்ளமா? நான் பாக்கலியே.”

“கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத்தான் தெரியும். அப்புறம் கம்பத்துக்குப் பக்கத்துல ரோடு வெளிப்பக்கமாச் சரியுது. மழை பெஞ்சா அங்கதான் தண்ணி நிக்கும்.”

அவள் நோட்டைத் தேடி எடுத்து எழுதினாள். பள்ளத்துக்கு எந்தத் தையல் போட என்று கேட்டாள். அவர் துணியை வாங்கி, அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“உனக்குத் தோணினதப் போடு. ஆனா சந்தைக்குப் போற வழிக்கு இதுல எடம் பத்தாது. அதுக்கு வேற துணி எடுத்துக்க.”

சின்னக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தையல்காரம்மாவிடம் ஒரு முழுத் துணி கேட்கப் படியிறங்கினாள்.